பத்தினி அட்டை

அந்த அட்டைகளுக்குப் பத்தினி என்று பெயர் சூட்டியது எந்த நர்ஸ் என்று இன்றைக்குக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக வாயில் நுழையாமல் நிற்கும். ஒருவருடைய ரத்தத்தை ருசி பார்த்துவிட்டால் அதன் பிறகு வேறு யாரையும் கடிக்காது என்பதுதான் அந்த அட்டையின் விசேஷம். அப்பேர்ப்பட்ட பிராணியை நம் ஊர் வேறு என்ன சொல்லிக் கூப்பிடும்? பத்தினிகளை ஜாடியில் போட்டு மூடி வைக்கிற வழக்கமும் நமக்குப் புதிதல்ல.

ஈரோட்டில் அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடி, அறுந்த விரல்களையும் காதுகளையும் திரும்ப ஒட்டித் தைக்கிற வார்டு. வர்ணிகா அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பழைய அட்டைகளின் காலம் முடிந்துபோயிருந்தது. மூத்த நர்ஸுகள்தான் கதை சொல்வார்கள். அந்தக் காலத்து அட்டை ஒரு தடவை குடித்ததும் அதை ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்றுவிட வேண்டும். கண் அசந்தால் நழுவிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், இவர் உடம்பின் நோயை அவர் உடம்பில் இறக்கிவிடும். எங்கேயோ சிலர் அப்படிச் செத்த பிறகுதான் விஞ்ஞானிகள் அட்டையின் பிறவிக் குணத்திலேயே கை வைத்தார்கள். புது அட்டை முதலில் குடித்த ரத்தத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். வேறு ஆள் மேல் விட்டால் லேசாகக் கீறி ஒரு சொட்டு பார்க்கும். ஆள் வேறு என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு கீழே விழுந்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜாடி. குடித்ததை மளமளவென்று செரித்துவிட்டு மறுபடி அவருக்கே வரும். அரசாங்கமும் பழைய அட்டைக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்துவிட்டது.

நம்பிக்கை வந்தால் அஜாக்கிரதையும் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும். கையுறை போட்டுத்தான் அட்டையைத் தொட வேண்டும் என்பது விதி. ஆனால் கையுறையின் வாசனை அட்டைக்குப் பிடிக்காது, சுருண்டுகொண்டு அடம்பிடிக்கும். வெறும் விரல் என்றால் சமர்த்தாக வரும். பத்தினிதானே, நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்று வார்டில் எல்லாரும் வெறுங்கையால் எடுத்தார்கள். சாருமதியின் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் அவசரமாகக் கையுறையைத் தேடுவார்கள்.

சாருமதி அந்த மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பானவர். தடதடவென்று நடப்பார். தப்பு என்று கண்டால் நின்ற காலில் தீர்ப்புச் சொல்லி, சொன்ன கையோடு நிறைவேற்றியும் விடுவார். வர்ணிகாவுக்கு அவரிடம் மற்றவர்களைவிட ஒரு பங்கு பயம் அதிகம். அவருடைய தம்பி நிதர்ஷனுக்கும் வர்ணிகாவுக்கும் நிச்சயம் ஆகி, ஆவணியில் கல்யாணம். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னதே சாருமதிதான். வார்டில் "மேடம்", வெளியே "நங்கையா". கொங்கு நாட்டில் புருஷனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த இரண்டு பெயரும் நாக்கில் இடம் மாறிவிடுமோ என்று வர்ணிகா பயந்துகொண்டே இருந்தாள். அவளுடைய பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அது பின்னால் வருகிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

அன்றைக்கு மதியம் வர்ணிகா கௌரிசங்கரின் கட்டிலருகே இருந்தாள். சென்னிமலைப் பக்கத்துத் தச்சர். வாசக்கால் செய்வதில் பேர் போனவர். ரம்ப மெஷின் வலது கைப் பெருவிரலை அடியோடு வாங்கிவிட்டது. அவர் மனைவி சிந்துஜா அந்த விரலை ஈரத் துணியில் சுற்றி, பைக்குள் போட்டு, ஐஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் பிரதிபா அதை ஒட்டித் தைத்தார். உள்ளே போகிற ரத்தத்துக்கு வழி தைத்தாயிற்று, வெளியே வருகிற ரத்தத்துக்குக் குழாய் அகப்படவில்லை, எல்லாம் நசுங்கிப்போயிருந்தது. அது தானாக முளைக்கச் சில நாள் ஆகும். அதுவரை விரலில் கெட்ட ரத்தம் தேங்கி வீங்கும். தேங்கியதை அவ்வப்போது உறிஞ்சி எடுத்தால் விரல் பிழைக்கும், இல்லாவிட்டால் கறுத்து அழுகும். உறிஞ்சுவதில் அட்டையை மிஞ்சிய டாக்டர் இன்னும் பிறக்கவில்லை.

வர்ணிகா விரலைச் சுத்தம் செய்தாள். அட்டை தையலுக்குள் புகுந்துவிடாமல் சுற்றிலும் ஈரத் துணியால் வேலி கட்டினாள். அவருடைய ஜாடியிலிருந்து, ஏற்கெனவே அவரிடம் குடித்துப் பழகிய ஒன்றை எடுத்து நகத்தருகே விட்டாள். ஏசி குளிரோ என்னவோ, அது மந்தமாக நெளிந்தது. அவள் அதை விரலால் நகர்த்திக்கொண்டே சிந்துஜாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணம் எப்போது என்று சிந்துஜா கேட்டாள். ஆவணி என்றாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றாள். மஞ்சள் மண்டி என்றாள். பட்டு எடுத்தாயிற்றா என்று கேட்க வாயெடுத்த சிந்துஜா அப்படியே நிறுத்தினாள்.

"அம்மிணி, உங்க கையில என்னுங்க ரத்தம்?"

வர்ணிகா குனிந்து பார்த்தாள். அட்டை விரலில் இல்லை. அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கம், நாடி பார்க்கிற இடத்தில், வயிறு புடைக்கக் குடித்துக்கொண்டு தொங்கியது. அட்டை கடித்தால் வலிக்காது. கடிக்குமுன் மரக்க வைத்துவிடும். இழுத்தால் பல் உள்ளேயே தங்கிவிடும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், தன் கையை நீட்டிக்கொண்டு அது தானாக விழும் வரைக்கும் சிலைபோல் நின்றாள். அது பிடித்திருந்த இடத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கீறல். அதிலிருந்து ரத்தம் நிதானமாக, நிற்கிற எண்ணமே இல்லாமல் வந்தது.

செய்தி மாடிப்படியில் இறங்கி ஓடியது. பத்தினி நெறி தப்பிவிட்டாள் என்று யாரோ ஒரு வார்டு பாய் சிரித்தான். சாருமதியின் காலடிச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

டாக்டர் பிரதிபாவின் அறையில் மூன்று பேர். மேசைமேல் கௌரிசங்கரின் ஜாடி. அதன் பக்கத்தில் சாருமதி கொண்டுவந்து வைத்த ஸ்பிரிட் ஜாடி. விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு அட்டை ஆள் மாறிக் கடித்துவிட்டால் பூட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொகுதி முழுவதையும் கொன்றுவிட வேண்டும். வேறு தொகுதி கம்பெனியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அதுவரை விரலைக் குத்திக் குத்தி ரத்தம் வடியவிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ராத்திரி தாண்டாது என்றும் அவரே சொன்னார்.

"பூட்டு உடையறதுக்கு வழியே இல்ல சாருமதி," என்றார் பிரதிபா. "இது ரத்தத்துல இருக்கற வெள்ளணு மேல ஒரு அடையாளத்தைப் படிக்குது. நம்ம கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேற. கம்பெனிக்காரன் ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சோதிச்சுப் பார்த்துட்டான். ஒரே ஒரு தடவைதான் ஆள் மாறிக் கடிச்சுது. அதுவும் ரெட்டைப் பிள்ளைங்க."

"வர்ணிகாவுக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம் இருபதுக்குக் கம்மி இல்ல," என்றார் சாருமதி.

"அதான் புரியலை." டாக்டர் வர்ணிகாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பவாச்சும் பெரிய வியாதி ஏதாச்சும் வந்திருக்குதா? மாத்து சிகிச்சை, எலும்பு மஜ்ஜை, அந்த மாதிரி?"

அந்த ஒரு சொல்லில் வர்ணிகாவுக்குக் காது அடைத்தது. எதிரே சாருமதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை.

"இல்லீங்க மேடம்," என்றாள் வர்ணிகா.

பொய் எவ்வளவு சின்னது, எவ்வளவு சுளுவாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லிப் பழகிய பொய் அப்படித்தான் வரும்.

சாருமதி ஸ்பிரிட் ஜாடியின் மூடியைத் திறந்தார். பிறகு மூடினார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் கம்பெனியிலிருந்து விளக்கம் வந்தால் சரி, இல்லாவிட்டால் விதிப்படி செய்துவிடலாம் என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சாருமதியா இப்படிப் பேசுவது? அவரிடமிருந்து ஐந்து நிமிஷம் அவகாசம் வாங்கியவர்கள்கூட அந்த மருத்துவமனையில் கிடையாது. அதுவரை அட்டை யார்மேலும் படக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, இரண்டு ஜாடியையும் தம் அறைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

வர்ணிகா மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள். மருந்து வைக்கும் அறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். மணிக்கட்டில் கட்டிய பஞ்சு நனைந்து நனைந்து சிவந்தது, மாற்றினாள், மறுபடி நனைந்தது. அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, மணிக்கணக்கில் கசியும் என்று புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு வகுப்பெடுப்பவளே அவள்தான். இன்றைக்கு அந்தக் கசிவு அவளைக் காட்டிக்கொடுக்கவே கசிவது போல இருந்தது.

அவளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. கோபிப் பக்கம் அவர்கள் ஊரில் இது ஒரு காக்கைக்கும் தெரியாது. பிள்ளை மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, சென்னையில் ஒரு மருத்துவமனையில் மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். அவளுடைய மஜ்ஜை முழுவதையும் மருந்தால் அழித்துவிட்டு, யாரோ ஒருவர் தானம் கொடுத்த மஜ்ஜையை உள்ளே விட்டார்கள். கொடுத்தவர் பெயர் வாங்கியவருக்குச் சொல்லப்படாது, வாங்கியவர் பெயர் கொடுத்தவருக்கும் சொல்லப்படாது. அன்றிலிருந்து அவள் உடம்பில் ஊறும் ரத்தம் அந்த முகம் தெரியாத ஆளின் ரத்தம். அவள் பிழைத்தாள். முடி வளர்ந்தது. ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் டாக்டர்கள் அம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினார்கள்: அந்த மருந்துக்குப் பிறகு பிள்ளை பிறப்பது நிச்சயமில்லை. பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். அம்மா அந்தச் சந்தேகத்தை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, வரன் பார்க்கத் தொடங்கினாள்.

படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு அழவில்லை, பதறவில்லை. அதுதான் வர்ணிகாவுக்குப் பயமாக இருந்தது.

"ஏங்கண்ணு, அட்டை கெட்டுப்போச்சுன்னா அது கம்பெனிக்காரன் தப்பு. நீ எதுக்கு உன் தலையில எடுத்துப் போட்டுக்கறே? ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கண்ணாலம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க. பத்திரிக்கை அடிக்கக் குடுத்தாச்சு. தாலி ஏறற வரைக்கும் வாயக் கட்டிட்டு இரு."

"அவருக்கு வெரல் போயிரும்மா."

"உனக்குக் கண்ணாலம் போயிரும்."

அம்மா போனை வைத்த பிறகுதான், டாக்டர் கேள்வி கேட்ட நேரத்திலிருந்து நெஞ்சுக்குள் புரண்டுகொண்டிருந்த ஒன்று மேலே வந்தது. அட்டை தப்பு செய்யவில்லை என்றால், அவள் உடம்பில் ஓடுவது கௌரிசங்கரின் ரத்தம். அப்படியானால் அந்த முகம் தெரியாத ஆள் முகத்தோடு பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். அவர் கொடுத்ததால்தான் அவள் இருக்கிறாள். அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அவர் விரல் போகப் போகிறது. உயிர் கொடுத்தவனுக்கு ஒரு விரலைத் திருப்பித் தர முடியாதா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கால் டாக்டர் அறைக்குப் போகவில்லை.

அவர் கட்டிலுக்குத்தான் போனது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. டாக்டர் ஊசியால் குத்திய இடங்களில் கறுப்பாகக் கசிந்தது. கௌரிசங்கர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கடி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தம் அட்டையால் அவளுக்கு வேலைக்கு ஏதும் தொந்தரவு வருமா என்று கேட்டார். தப்பு தம்முடையதுபோல் கூச்சப்பட்டார்.

"நாலு வெரல் இருக்கறப்ப ஒன்னு போனா என்னன்னு கேப்பாங்க. பெருவெரல் இல்லாட்டி உளி நிக்காதுங்க அம்மிணி," என்றார். "நாலு வெரலுக்கும் அதுதான் சம்சாரம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. வர்ணிகா அவர் கையின் கட்டுத் துணியை ஒருமுறை சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. பிறகு வெளியே வந்து, கால் ஓடப் பார்க்கிறதே என்று அதைத் திட்டிக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனாள். ஜாடிகள் மறுபடி மேசைமேல் வந்திருந்தன. சாருமதி ஸ்பிரிட் ஜாடியின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு நின்றார்.

"என் ரத்தம் என்னுது இல்லீங்க," என்றாள் வர்ணிகா.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. ஏழு வயது, சென்னை, மாமன் வீட்டுப் பொய், பெயர் தெரியாத ஆள். பிள்ளை பிறப்பது பற்றிய சந்தேகத்தையும் சொன்னாள். டாக்டருக்கு அது தேவையில்லை, ஆனால் அவள் அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. சாருமதியின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அவர் ஸ்பிரிட் ஜாடியை மூடினார். இரண்டு பேரின் ரத்தத்தையும் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதிகாரியின் குரல்.

மெஷின் அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே ரத்தம் என்றது. பத்தினியின் மேல் விழுந்த பழி நீங்கியது. வர்ணிகாவைக் கடித்ததை மட்டும் தனியே எடுத்து ஸ்பிரிட்டில் போட்டார்கள். விரலை விட்டுப் போன குற்றத்துக்கு அல்ல, இன்னொரு உடம்புக்குள் போய்வந்த வாயைத் திரும்பவும் நம்பக்கூடாது என்பதற்காக. மற்றவை கௌரிசங்கரின் விரலுக்குப் போயின. வர்ணிகா இந்த முறை கையுறை போட்டுக்கொண்டாள். அட்டை அடம்பிடித்தது, பொறுமையாகக் காத்திருந்தாள், பிடித்துக்கொண்டது. விரலின் நிறம் கத்திரிக்காயிலிருந்து மெல்ல மெல்ல மனித நிறத்துக்குத் திரும்பியது. நுனி மட்டும் திரும்பவில்லை. நகத்துக்கு மேலே ஒரு கறுப்பு, ஆணி அடித்ததுபோல அங்கேயே நின்றது.

டாக்டர் பிரதிபா விளக்கடியில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நின்றுவிடும், உளி பிடிக்கலாம், ஆனால் நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்று கௌரிசங்கரிடம் சொன்னார். அறையைவிட்டுப் போகும்போது வர்ணிகாவின் பக்கத்தில் ஒரு கணம் நின்று, குரலைத் தாழ்த்தினார். "மத்தியானமே வெச்சிருந்தா முழுசா நின்னிருக்கும்."

அவர் போன பிறகும் வர்ணிகா அங்கேயே நின்றாள். கொடுத்தவரும் வாங்கியவரும் சந்திக்கக்கூடாது என்பது விதி. ஆனால் விதியை அட்டை ஏற்கெனவே மீறிவிட்டது. அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், சின்ன வயதில் தனக்கு ஒருவர் மஜ்ஜை கொடுத்ததையும், மெஷின் சொன்னதையும் சொன்னாள்.

"நீங்கதானுங்க அது," என்றாள். "நான் இருக்கறதே உங்களாலதான்."

கௌரிசங்கர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நானில்லீங்க அம்மிணி. நானும் வாங்கினவன்தான்."

அவருக்கு இருபது வயதில் ரத்தம் ஊறுவது நின்றுபோனதாம். யாரோ கொடுத்தார்கள், யார் என்று அவருக்கும் தெரியாது. பெரிய வியாதி உண்டா என்று இங்கே கேட்டபோது, அது எப்போதோ முடிந்துபோன சங்கதி என்று நினைத்து இல்லையென்று சொல்லிவிட்டார். டாக்டர் கேட்டால் திட்டுவார், அட்டை வைக்கிற உடம்புக்கு அந்தச் சங்கதி தெரிந்திருக்க வேண்டும். ஆக இரண்டு பேர் உடம்பிலும் ஓடுவது மூன்றாவது ஆள் ஒருவருடைய ரத்தம். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இரண்டு பிச்சைக்காரர்கள் ஒரே வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ஒருவரையொருவர் எஜமான் என்று கும்பிட்ட கதையாக இருந்தது. வர்ணிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க," என்றார் கௌரிசங்கர். "அட்டை ஆடுது."

அவர் கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாரா என்று வர்ணிகா சிந்துஜாவைக் கேட்டாள். கேட்கக்கூடாத கேள்விதான். சிந்துஜா அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிப்போட்டாருங்க. காப்பி டம்ளரைக் கீழ வெச்சாரு, சொன்னாரு. எங்கப்பன் எந்திரிச்சுப் போய்ட்டாரு. நான் எந்திரிக்கலை."

அதே ரத்தம்தான். தைரியம் மட்டும் ரத்தத்தோடு வருவதில்லை போலிருக்கிறது.

வர்ணிகா படிக்குப் போய் நிதர்ஷனுக்குப் போன் செய்தாள். மண்டியில் கணக்கு முடிக்கிற நேரம், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மணிக்கட்டுப் பஞ்சு திரும்பவும் சிவந்திருந்தது. கீழ்ப்படியிலிருந்து சாருமதி ஏறி வந்தார். அவள் கையை வாங்கினார். நனைந்ததை அவிழ்த்துவிட்டுப் புதுப் பஞ்சை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் கையுறை இல்லை.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உனக்குப் பூ வெச்சு விட்டது நான்தான்," என்றார்.

"ஆமாங்க நங்கையா."

"காறை எலும்புக்குக் கீழ ஒரு தழும்பு பார்த்தேன். மருந்து ஏத்தறதுக்குக் குழாய் போட்ட தழும்பு. இத்தன வருசம் ஆஸ்பத்திரியில குப்பை கொட்டினவளுக்கு அது தெரியாதா?"

வர்ணிகா அவர் முகத்தைப் பார்த்தாள். பூ வைத்துவிட்டு, ஜாக்கெட்டின் கழுத்தை ஒரு விரலால் மேலே இழுத்துச் சரிசெய்த கை ஞாபகம் வந்தது. கூச்சத்தில் அன்று அவள் அதை அன்பு என்று நினைத்தாள். அன்புதான்.

"தெரிஞ்சுதான் பேசி முடிச்சீங்களா? அவருக்கு?"

"தம்பிக்கு நான் சொல்லலை. அது என் வாயில இருந்து வர்ற சேதி இல்ல. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்." சாருமதி பஞ்சைக் கொஞ்சம் நகர்த்தி அழுத்தினார். "இன்னைக்குக் கடிச்சுதுன்னு கேட்டதுமே எனக்கு விசயம் புரிஞ்சு போச்சு. டாக்டர் கேட்டப்ப நீ இல்லைன்னே. நான் அங்கேயே சொல்லியிருந்தா உன் மானம் போயிருக்கும். அதான் உனக்கு நேரம் குடுத்தேன்."

முதலில் வர்ணிகாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. இத்தனை வருஷம் சுமந்ததை யாரோ முன்கூட்டியே பாதி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நன்றியில் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணுக்குள் அந்தக் கறுத்த நுனி வந்து நின்றது.

மதியத்திலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். அவளுக்குத் தெரிந்திருந்தது. இவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்தார்கள். பக்கத்து அறையில் ஒரு மனுஷன், நர்ஸுக்கு வேலை போய்விடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"அந்த நேரம் உங்களுது இல்லீங்களே, நங்கையா," என்றாள். "என்னுதும் இல்ல. அவரு வெரலுதுங்க."

சாருமதியின் அழுத்தம் தளர்ந்தது. பஞ்சுக்கடியில் ரத்தம் மறுபடி கசிந்தது.

போன் அடித்தது. நிதர்ஷன். அவள் எடுத்தாள். முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வருகிறேன், நேரில்தான் சொல்வேன் என்றாள். அவன் பயந்து ஏதோ கேட்டான். அதற்குமுன் இன்னொருத்தரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துவிட்டாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பஞ்சைத் தானே பிடித்தபடி மேலே ஏறினாள்.

"எங்க போறே?" என்றார் சாருமதி.

"அவருகிட்டத்தானுங்க. நுனி ஏன் போச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லலை."

பாதிப் படியில் இருக்கும்போது பின்னால் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. வார்டு முழுவதும் கையுறையைத் தேட வைக்கிற சத்தம். இந்தத் தடவை அது மெதுவாக, ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.